இரவுப் படத்தில் ஒளி யாருடையது?

ஆங்கிலத்தில் 'போட்டோகிராப்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படும் பொருளுக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. நிழற்படம் என்பர் சிலர்; ஒளிப்படம் என்பர் வேறு சிலர்; புகைப்படம் என்பது பெருவழக்கு. இவற்றுள் எது பொருத்தமான சொல் என்னும் வழக்குத் தமிழாசிரியர்களிடையே அவ்வப்போது எழுவதுண்டு. பகலில் எடுத்த படத்துக்கு இம்மூன்றில் எது பொருந்தும் என்று வாதிடலாம். இரவில் எடுத்த படத்துக்கோ மூன்றுமே பொருந்தும். இரவுப் படத்தில் பெரும்பகுதி நிழல். அந்நிழலினிடையே சிறிது ஒளி. அச்சிறிது ஒளியைப் பெறுவதற்காக மக்னீசியத் தூளைக் கொளுத்தி அறை முழுவதும் புகை நிரப்பிய காலமும் ஒன்று இருந்தது.

தகடும் படச்சுருளும் வழங்கிய அக்காலத்தில் இரவைப் படமெடுக்க விரும்பியவர்க்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, ஒளியைத் தம்முடன் கொண்டு செல்வது. மற்றொன்று, இரவிலேயே உள்ள சிற்றொளி தகட்டில் போதிய அளவு சேரும்வரை காத்திருப்பது. இவ்விரண்டும் வெறும் தொழில் வேறுபாடு போலத் தோன்றும். ஆயின், அவற்றின் வரலாற்றை ஆராய்ந்தால், அஃது அறம் பற்றிய வேறுபாடும் ஆகும் என்பது புலனாகும். எந்த ஒளியில் ஒருவர் காணப்பட்டார், அவ்வொளியைக் கொண்டுவந்தவர் யார், காணப்பட்டவர் அதற்கு இசைந்தாரா என்னும் வினாக்கள் இரவுப் படம் ஒவ்வொன்றிலும் பொதிந்து கிடக்கின்றன.

நின்றது பதிந்தது, நடந்தது மறைந்தது

பிரான்சு நாட்டினரான லூயி டகேர் கண்ட படமுறை 1839ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் பாரிஸ் நகரில் விளக்கி அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதியும் அம்முறைக்குப் பகல் வெளிச்சத்திலேயே பல நிமிடங்கள் தேவைப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டில் டகேர் தம் சன்னலிலிருந்து எடுத்த பாரிஸ் வீதிப் படம் ஒன்று புகழ் பெற்றது. வண்டிகளும் மக்களும் நிறைந்த வீதி அது. படத்திலோ வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. காலணிக்கு மெருகிடும் ஒருவரிடம் காலை நீட்டியபடி அசையாமல் நின்ற ஒரே மனிதர் மட்டும் பதிந்திருக்கிறார். நின்றது பதிந்தது, நடந்தது மறைந்தது. பகலிலேயே நிலைமை இதுவாயின் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

வியப்பு என்னவெனில், இரவில் முதன்முதல் படமாயினவை மண்ணுலகப் பொருள்கள் அல்ல, வான்பொருள்கள். ஜான் வில்லியம் டிரேப்பர் 1840இல் நியூயார்க்கில் நிலவைத் தகட்டில் பதித்தார். 1850ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் ஹார்வர்டு வானாய்வு நிலையத்தில் பாண்டும் விப்பிளும் வீகா என்னும் விண்மீனைப் பதித்தனர். வானத்தின் நகர்ச்சி கணக்குக்கு உட்பட்டது. அதற்கேற்பத் தொலைநோக்கியை மெல்லத் திருப்பிக்கொண்டே செல்லலாம். வீதியில் நடப்பவரை அவ்வாறு கணக்கிட்டுப் பின்தொடர இயலாது. ஆகவே, பல கோடிக் கல் தொலைவிலுள்ள விண்மீன் தகட்டுக்கு எளிதாயிற்று. விளக்கடியில் நிற்கும் அண்டை வீட்டார் அரியவராயினர்.

ஒளியைத் தம்முடன் கொண்டு சென்றவருள் முன்னோடி பாரிஸ் நகரத்து நதார். துர்னஷோன் என்பது அவருடைய குடும்பப் பெயர். 1860களில் அவர் அந்நகரின் நிலத்தடி எலும்பறைகளிலும் கழிவுநீர்ச் சுரங்கங்களிலும் மின்கலங்களையும் வில்விளக்குகளையும் இறக்கிப் படமெடுத்தார். ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடங்கள்வரை ஆயின. அத்துணை நேரம் உயிருள்ள தொழிலாளி அசையாதிருத்தல் அரிது. அதனால் நதார் துணிப் பொம்மைகளுக்குத் தொழிலாளர் உடை அணிவித்து அங்கே நிறுத்தினார். இருளில் உழைத்த மனிதரின் வாழ்வைக் காட்டவந்த படத்தில் மனிதருக்கு இடமில்லாமற் போயிற்று. ஒளி இருந்தும் அது மெல்லொளியாக இருந்ததே அதற்குக் காரணம். கண்ணிமைக்கும் நேரத்தில் தோன்றி மறையும் பேரொளி ஒன்று தேவைப்பட்டது.

நள்ளிரவில் வெடித்த ஒளி

மக்னீசியம் என்னும் உலோகம் எரியும்போது தூய வெண்ணிற ஒளி தரும். 1864 முதல் அதன் கம்பியையும் நாடாவையும் கொளுத்தி இங்கிலாந்தில் படமெடுத்தனர். அடுத்த ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு வானியலார் பியாசி ஸ்மித் எகிப்தியப் பெருங்கூம்பின் உள்ளறைகளில் அவ்வொளியைப் பயன்படுத்தினார். ஆனால், நாடா எரியச் சில வினாடிகளாவது செல்லும். அதற்குள் ஆள் அசைந்துவிடுவார். 1887இல் ஜெர்மானியரான அடோல்ஃப் மீத்தே, யோஹன்னஸ் கேடிக்கே இருவரும் மக்னீசியத் தூளுடன் பொட்டாசியம் குளோரேட்டையும் ஆன்டிமனி சல்பைடையும் கலந்து, பற்றவைத்தவுடன் ஒரே கணத்தில் எரிந்து தீரும் தூளை அமைத்தனர். மின்னல் போன்ற அவ்வொளி படக்கலையின் போக்கையே மாற்றியது.

அச்செய்தி ஒரு நாளிதழில் சில வரிகளாக வெளிவந்தது. அதைக் காலைச் சிற்றுண்டியின்போது படித்துத் துள்ளியெழுந்தவர் நியூயார்க்கில் காவல்துறைச் செய்திகளைத் திரட்டிவந்த நிருபர் ஜேக்கப் ரீஸ். டென்மார்க்கில் 1849இல் பிறந்த அவர் 1870இல் அமெரிக்கா வந்து, வேலையின்றி அலைந்து, காவல் நிலையத்தை ஒட்டிய இரவுக் கொட்டடியிலும் ஓர் இரவு ஒதுங்கியவர். அன்றிரவு தம்முடன் வந்த தெருநாயைக் காவலர் ஒருவர் அடித்துக் கொன்றதை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பின்னர் நிருபராகி, சேரி வீடுகளின் நெருக்கடியைப் பற்றி இடைவிடாது எழுதினார். எழுத்தைப் படித்தவர் தலையசைத்துவிட்டு மறந்தனர். கண்ணாற் காட்டினாலன்றி எவரும் நம்பார் என்பதை உணர்ந்திருந்த அவருக்கு அத்தூள் விடையாக வந்தது.

சுகாதாரத் துறையைச் சேர்ந்த மருத்துவர் நேகிள், பொழுதுபோக்காகப் படமெடுத்துவந்த நண்பர் இருவர் ஆகியோருடன் ரீஸ் நள்ளிரவில் புறப்பட்டார். முன்னாளில் கண்ணாடித் தகட்டில் மருந்தை ஈரமாகப் பூசி, அது காயுமுன் படமெடுத்துக் கழுவ வேண்டியிருந்தது. இருட்டறையையே கூடச் சுமந்து செல்ல வேண்டும். 1871இல் மேடாக்ஸ் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்த உலர்தகடுகள் 1880களில் கடைகளிலேயே கிடைத்தன. அதனால்தான் சேரியின் குறுகிய படிகளில் ஏறி, கதவைத் திறந்து, படமெடுத்து, உடனே வெளியேற முடிந்தது. முதலில் அவர்கள் தூளைக் கைத்துப்பாக்கி போன்ற கருவியில் இட்டு வெடித்தனர். நள்ளிரவில் முன்பின் அறியாத சிலர் துப்பாக்கியுடன் நுழைவதைக் கண்ட மக்கள் அலறி ஓடினர். பின்னர் ரீஸ் வாணலி ஒன்றில் தூளைப் பரப்பிப் பற்றவைத்தார். அக்கருவியால் இருமுறை வீட்டுக்கும் ஒருமுறை தமக்கும் தீ வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

பேயர்டு வீதியில் எடுத்த படம் அவற்றுள் புகழ் வாய்ந்தது. ஓர் இரவுக்கு ஐந்து சென்டு கொடுத்துப் படுக்க இடம் பெற்றவர்கள் அவர்கள். பதின்மூன்றடிக்கும் குறைந்த அறையில் ஆணும் பெண்ணுமாகப் பன்னிருவர் உறங்கியதாக ரீஸ் குறித்துள்ளார். மூட்டை முடிச்சுகளும் அழுக்குத் துணிகளும் அடுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. அரைத்தூக்கத்தில் முகம் திருப்பிய ஒருவரின் கண்கள் ஒளி தாங்காமல் சுருங்கியிருக்கின்றன.

1888 ஜனவரி 25ஆம் நாள் ரீஸ் இப்படங்களைத் திரையில் காட்டி நியூயார்க்கில் சொற்பொழிவு ஆற்றினார். 1890இல் அவருடைய நூல், 'மறுபாதி மக்கள் வாழும் வகை' எனப் பொருள்படும் தலைப்புடன் வெளிவந்தது. தியோடர் ரூஸ்வெல்ட் 1895இல் காவல் ஆணையக் குழுவின் தலைவரானபோது ரீஸுடன் இரவிரவாக நகரைச் சுற்றினார். 1896இல் காவல் நிலையக் கொட்டடிகள் மூடப்பட்டன. மல்பரி வளைவு என்னும் கொடிய சேரி இடிக்கப்பட்டு, 1897இல் அவ்விடத்தில் பூங்கா திறக்கப்பட்டது. 1901இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. இவற்றுக்கெல்லாம் படங்கள் மட்டுமே காரணம் என்றல் மிகை. ஆயினும் அவை இல்லாமல் இவை இத்துணை விரைவில் நிகழ்ந்திரா என்றல் பொருந்தும்.

எனினும், அப்படத்தின் இன்னொரு பக்கமும் கருதத்தக்கது. அவ்வறையில் மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று மங்கலாக எரிந்துகொண்டிருந்ததாக ரீஸே எழுதுகிறார். அங்கு உறங்கியவர்கள் ஒருவரையொருவர் கண்டது அம்மங்கலொளியில்தான். படத்தில் உள்ள ஒளியோ அவர்களுடையதன்று. அது வாணலியிலிருந்து வந்தது. அவ்வொளியில் அவர்களும் தம் அறையை ஒருபோதும் கண்டதில்லை. உறங்குபவர் இசைவு தர இயலாது. விழித்தபோது ஒளியும் மறைந்துவிட்டது, வந்தவரும் சென்றுவிட்டனர். ஏழையின் நன்மைக்காகவே செய்த செயல். ஆயினும் ஏழையின் துயிலைக் கலைத்துச் செய்த செயல். ரீஸின் பணியைப் போற்றுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்ளுதல் நேர்மையாகும்.

ஓட்டைக் குடத்தில் சேரும் ஒளி

இனி, காத்திருந்தோர் வழியைக் காண்போம். கேட்பதற்கு அஃது எளிய வழி. பகலில் ஒரு வினாடி வேண்டுமாயின், ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியுள்ள இரவில் ஆயிரம் வினாடி திறந்து வைத்தால் போதும் என்றே எவரும் எண்ணுவர். பன்சன், ராஸ்கோ என்னும் அறிஞர் இருவர் 1862இல் நிறுவிய விதியும் அதுவே: ஒளியின் செறிவையும் நேரத்தையும் பெருக்கி வரும் தொகை ஒன்றாயின், விளைவும் ஒன்றே.

இரவில் இவ்விதி பொய்த்தது. ஜெர்மானிய வானியலார் கார்ல் ஸ்வார்ஷில்ட் 1890களின் இறுதியில் வியன்னாவிலுள்ள குஃப்னர் வானாய்வு நிலையத்தில் விண்மீன்களின் ஒளியைத் தகடுகளால் அளந்தபோது, மங்கலான ஒளி நெடுநேரம் பட்டாலும் கணக்கின்படி பதியவில்லை என்பதைக் கண்டு, அதற்கு ஒரு திருத்தச் சூத்திரமும் அமைத்தார். பிற்காலத்தில் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியற் சமன்பாடுகளுக்கு முதல் துல்லியத் தீர்வு கண்டவரும் இவரே. இரவில் காமிராவைத் திறந்து வைத்துக் காத்திருந்த ஒவ்வொருவரும், பெயர் அறியாமலேனும், அவருடைய கணக்கையே கையாண்டனர்.

இதன் காரணம் பின்னர் விளங்கிற்று. தகட்டிலும் படச்சுருளிலும் உள்ள வெள்ளி உப்பின் ஒவ்வொரு சிறு துகளிலும், அடுத்தடுத்து விழும் சில ஒளித்துளிகள் ஒன்றுகூடினால்தான் நிலையான வெள்ளிப் புள்ளி உண்டாகும். முதல் துளியால் தோன்றும் வெள்ளி அணு நிலையற்றது. அடுத்த துளி விரைவில் வாராவிடின் அது கலைந்துவிடும். ஓட்டைக் குடத்தில் நீரை வேகமாக ஊற்றினால் நிரம்பும். சொட்டுச் சொட்டாக விட்டால் சொட்டும் போய்விடும். அதுபோன்றதே இதுவும்.

இதன் அளவை உணர ஓர் எடுத்துக்காட்டுப் போதும். கோடாக் நிறுவனத்தின் டிரை-எக்ஸ் படச்சுருள் பத்திரிகைப் படக்காரரிடையே பெருவழக்காக இருந்தது. அதற்கு அந்நிறுவனம் அளித்த அட்டவணையின்படி, ஒளிமானி 1 வினாடி என்று காட்டினால் 2 வினாடி திறக்க வேண்டும். 10 வினாடி என்று காட்டினால் 50 வினாடி. 100 வினாடி என்று காட்டினாலோ 1,200 வினாடி, அதாவது 20 நிமிடம். ஆகவே காத்திருப்பது என்பது வெறும் பொறுமையன்று. எவ்வளவு காத்திருப்பது என்பதை அனுபவத்தால் அறிந்த பொறுமை.

இடர்கள் வேறும் இருந்தன. பழைய தகடுகள் நீல ஒளியையே நன்கு உணர்ந்தன. எரிவாயு விளக்கின் மஞ்சள் ஒளி அவற்றில் மிகக் குறைவாகவே பதிந்தது. 1873இல் வோகல் என்பவர் தகட்டில் சாயம் சேர்த்து அக்குறையைப் போக்கும் வழி கண்டார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906இல்தான் கடைக்கு வந்தன. அன்றியும், வீதி விளக்கின் நேரொளி தகட்டின் பின்புறக் கண்ணாடியிற் பட்டுத் திரும்பி, விளக்கைச் சுற்றி வெண்மையான வளையத்தை உண்டாக்கிப் படத்தைக் கெடுத்தது. இத்தனை இடர்களுக்கிடையே 1890களில் லண்டன் வீதிகளைப் பால் மார்ட்டினும் நியூயார்க் வீதிகளை ஆல்பிரெட் ஸ்டீக்ளிட்சும் இரவில் பதித்துக் காட்டினர். இவர்கள் இட்ட வழியில் வந்து, இரவு நகரை ஒரு முழு நூலாக்கியவர் பிரசாய்.

சிகரெட்டே கடிகாரம்

பிரசாய் என்பது புனைபெயர். அவர் இயற்பெயர் கியூலா ஹலாஸ். அன்று ஹங்கேரியைச் சேர்ந்திருந்ததும், இன்று ருமேனியாவில் பிரசோவ் என வழங்குவதுமான பிரசோ நகரில் 1899இல் பிறந்தார். 'பிரசோ ஊரினர்' என்பதே அப்புனைபெயரின் பொருள். 1924இல் பாரிஸ் வந்து பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். இரவெல்லாம் வீதிகளில் நடப்பது அவர் வழக்கம். கண்டதை எழுத்தில் வடிக்க இயலவில்லை என்னும் ஏக்கத்தால் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் காமிராவைக் கையில் எடுத்தார்.

அவரிடம் இருந்தது கண்ணாடித் தகடுகளை ஏற்கும் சிறிய வோய்க்லாண்டர் காமிரா. தகடுகள் கனமானவை, ஓரிரவுக்கு இருபத்துநான்குக்கு மேல் சுமக்க இயலாது. ஆகவே, எதை எடுப்பது என்பதைவிட எதை எடுக்காமல் விடுவது என்பதே அவர் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. காமிராவை மூன்று கால் தாங்கியின்மேல் நிறுத்தி, வில்லையைத் திறந்துவிட்டு, ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பார். வெளிச்சம் ஓரளவு இருந்தால் கொலுவாஸ் சிகரெட்டு ஒன்று முடியும்வரை. இருள் மிகுந்தால் அதனினும் பருமனான பொயார் சிகரெட்டு முடியும்வரை. அதுவே அவருக்குக் கடிகாரம். விளக்கின் நேரொளி படத்தைக் கெடுக்காதிருக்க, மரத்தின் அடிப்பகுதியோ தூணோ விளக்கை மறைக்கும் இடமாகப் பார்த்து நிற்பார். மழை பெய்த இரவையும் மூடுபனி இரவையும் அவர் விரும்பினார். நனைந்த கல்பாவிய வீதி விளக்கொளியை இருமடங்காக்கித் தரும். பனி அவ்வொளியைப் பரப்பி மென்மையாக்கும். இரவு தன்னிடமுள்ள ஒளியை எங்கெல்லாம் மிகுத்துத் தருகிறதோ அங்கெல்லாம் சென்று அவர் பெற்றுக்கொண்டார்.

அறுபதுக்கும் மேற்பட்ட படங்களுடன் 'இரவுப் பாரிஸ்' என்னும் பொருளுடைய அவர் நூல் 1932ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அதன் படங்களில் மனிதர் மிகக் குறைவு. இருப்பவரும் சுவரிற் சாய்ந்தோ, அமர்ந்தோ, நின்றோ இருப்பவரே. டகேரின் வீதியில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்ந்தது. நடந்து சென்றவர் எவரும் பதியவில்லை. காத்திருக்கும் வழி எவர் துயிலையும் கலைக்கவில்லை. ஆயினும் அது இரவின் ஒரு பாதியை, அதாவது அசையும் பாதியை, இழந்தது.

பிரசாய் அதனை அறியாதவரல்லர். மதுக்கூடங்களிலும் நடன அரங்குகளிலும் மனிதரைப் படமெடுக்க வேண்டியபோது அவரும் மக்னீசியத் தூளையே நாடினார். அவ்வெடியோசையைக் கேட்ட ஓவியர் பிக்காசோ அவரைப் பயங்கரவாதி என்று கேலியாக அழைத்தார். ஆனால் ரீஸின் முறைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. பிரசாய் அம்மனிதருடன் அமர்ந்து பேசிப் பழகி, அவர்கள் அறியவே காமிராவை நிறுத்தினார். உதவியாள் தூளைக் கொளுத்தும்வரை அவர்களும் தத்தம் நிலையில் அமர்ந்திருந்தனர். அப்படங்களில் பல 1976இல்தான் நூலாக வெளிவந்தன. வீதியில் காத்திருந்தவரும் கூடத்தில் ஒளி கொணர்ந்தவரும் ஒரே மனிதர். இரண்டு வழிகளும் ஒன்றையொன்று வெறுக்க வேண்டியதில்லை என்பதற்கு அவரே சான்று.

தாமே அமைத்த இரவு

புகையும் தீயும் நிறைந்த தூளுக்கு முடிவு வந்தது 1929இல். மெல்லிய உலோகத் தாளையும் உயிர்வளியையும் அடைத்த கண்ணாடிக் குமிழ் அவ்வாண்டில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. மின்சாரத்தைச் செலுத்தினால் குமிழுக்குள்ளேயே ஒளி எரிந்து அடங்கும், புகையில்லை. ஒரு குமிழ் ஒரே படத்துக்குத்தான் உதவும். எனினும், கம்பி இணைப்பால் பல குமிழ்களை ஒரே நொடியில் எரிக்கலாம். இவ்வசதியை எல்லைவரை கொண்டு சென்றவர் அமெரிக்கரான வின்ஸ்டன் லிங்க்.

1914இல் புரூக்ளினில் பிறந்த லிங்க் கட்டுமானப் பொறியியல் பயின்று, விளம்பரப் படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர். 1955 ஜனவரியில் தொழில் நிமித்தம் வர்ஜினியா மாநிலம் சென்றபோது, அருகிலுள்ள நிலையத்தில் நார்போக்-வெஸ்டர்ன் ரயில் நிறுவனத்தின் நீராவி வண்டியைக் கண்டார். பிற பெரும் நிறுவனங்கள் டீசலுக்கு மாறிவிட்ட காலம் அது. இங்கும் நீராவிக்கு நாள் குறிக்கப்படும் என்பது தெளிவாயிருந்தது. லிங்க் தம் சொந்தச் செலவில் ஐந்தாண்டுகள் மீண்டும் மீண்டும் அங்குச் சென்று, நீராவி வண்டிகளையும் அவற்றை ஒட்டி வாழ்ந்த சிற்றூர்களையும் படமெடுத்தார். 1960இல் நீராவி நின்றது. அவர் பணியும் நின்றது.

அவர் இரவைத் தேர்ந்தது ஏன்? பகலில் கதிரவன் நிற்கும் இடத்தை மாற்ற இயலாது; தண்டவாளத்தையும் மாற்ற இயலாது. இரவிலோ ஒளி முழுவதும் படமெடுப்பவர் கையில் இருக்கும். கருவானத்தின் முன் வெண்ணிற நீராவி தெளிவாகத் தெரியும். ஆனால், விரையும் ரயிலைக் காத்திருந்து பதித்தல் ஆகாது. நொடிப்பொழுதில் பேரொளி வேண்டும். லிங்கும் அவருடைய உதவியாளும் நாள் முழுவதும் கம்பி இழுத்துக் குமிழ்களைப் பொருத்துவர். ரயில் வரும், ஒருமுறை ஒளிரும், அவ்வளவே. தவறினால் மறுமுறை கிடையாது.

1956 ஆகஸ்டு 2ஆம் நாள் மேற்கு வர்ஜினியாவின் ஐகர் என்னும் ஊரில் எடுத்த படம் அவர் படங்களுள் மிகப் புகழ் பெற்றது. திறந்தவெளித் திரையரங்கில் மோட்டார் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. முன்னால் ஒரு வண்டியில் இளம் இணையர் அமர்ந்திருக்கின்றனர். திரையில் ஆகாய விமானம். திரைக்கு அப்பால் புகை கக்கி விரையும் நீராவி ரயில். நாற்பதுக்கும் மேற்பட்ட குமிழ்கள் அந்நொடியில் எரிந்தன. இங்கு நிகழ்ந்த ஒன்று இக்கட்டுரைப் பொருளுக்கே திறவுகோல் போன்றது. குமிழ்களின் பேரொளி திரைமேலும் பட்டதால், திரையில் ஓடிய காட்சி வெளுத்து மறைந்தது. பின்னர் வேறொரு நெகடிவிலிருந்து விமானக் காட்சியை எடுத்து அச்சிடும்போது திரையிற் சேர்த்தார் லிங்க். கொணர்ந்த ஒளி இரவின் சொந்த ஒளியை அழித்தது; அழிந்ததைக் கலைஞர் மீண்டும் கையால் வைக்க வேண்டியதாயிற்று. ரீஸின் படத்தில் மறைந்த மண்ணெண்ணெய் விளக்கைத் திருப்பி வைத்தவர் எவருமிலர்.

இதனால் லிங்கின் படம் பொய்யென்று கருதலாமோ? அவ்விரவில் எவரும் கண்ணால் அவ்வாறு கண்டதில்லை என்பது உண்மையே. ஆனால் அதில் உள்ள வண்டியும் ஊரும் மக்களும் உண்மை. அம்மக்கள் தாம் படமாவதை அறிந்தே அமர்ந்திருந்தனர். ரயில் ஊழியர்களும் ஊராரும் உடனிருந்து உதவியதால்தான் அவ்வேலை முடிந்தது. நெடுங்காலம் பலர் அறியாதிருந்த அப்படங்கள் 1980களில் பெரும் புகழ் பெற்றன. லிங்க் 2001இல் மறைந்தார். 2004இல் ரோனோக் நகரின் பழைய ரயில் நிலையத்திலேயே அவர் படங்களுக்கெனக் காட்சியகம் திறக்கப்பட்டது. மறையப் போகும் ஒன்றை, அதனுடன் வாழ்ந்தவரின் துணைகொண்டு, அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

வினா ஒன்றே

ரீஸ், பிரசாய், லிங்க் மூவரும் வெவ்வேறு காலத்தவர். மூவர்க்கும் இருந்த இடர் ஒன்றே: இரவில் ஒளி குறைவு. அவ்விடரை அவர்கள் தீர்த்த வகையில்தான் வேறுபாடு தோன்றுகிறது. ரீஸ் ஒளியைக் கேளாமற் கொண்டுவந்தார். அதனால் சட்டங்கள் மாறின, உறங்கியவரும் திடுக்கிட்டனர். பிரசாய் வீதி தந்த ஒளியைப் பெற்றுக்கொண்டார். அதனால் இரவு இரவாகவே இருந்தது, நடந்தவர் மறைந்தனர். லிங்க் மக்களின் இசைவுடன் ஒளியை அமைத்தார். அதனால் மறைந்துபோன உலகம் ஒன்று நிலைபெற்றது, ஆயினும் திரைக்காட்சியைப் பின்னர் ஒட்ட வேண்டியிருந்தது. குறையில்லாத வழி எதுவுமில்லை. ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை உண்டு; அவ்விலையைக் கொடுத்தவர் யார் என்பதே வரலாறு கேட்க வேண்டிய வினா.

இன்று மின்னணுக் காமிராக்கள் வந்துவிட்டன. ஓட்டைக் குடத்தின் குறை அவற்றுக்கு இல்லை. கைப்பேசியே நிலவொளியிலும் படம் தருகிறது. வாணலியும் சிகரெட்டும் குமிழும் காட்சியகப் பொருள்களாயின. எனினும், உறங்குபவரையும் தெருவோரம் ஒதுங்கியவரையும் அவர் அறியாமல் படமெடுப்பது முன்னினும் எளிதாகிவிட்டமையால், பழைய வினா இன்னும் கூர்மை பெற்றிருக்கிறது.

வரலாற்றுப் பாடத்திலோ மொழிப் பாடத்திலோ ஓர் இரவுப் படத்தை மாணவர்முன் வைக்கும் ஆசிரியர், அதில் யார் இருக்கிறார், எங்கே இருக்கிறார் என்று கேட்பது வழக்கம். அவற்றுடன் இன்னொன்றையும் கேட்கலாம்: இந்த ஒளி எங்கிருந்து வந்தது? நிழலின் திசையை நோக்கினால் விடை பெரும்பாலும் படத்திலேயே கிடைக்கும். பேயர்டு வீதி அறையில் கண் சுருங்கி விழித்தவரின் முகம் அவ்விடையைத்தான் சொல்கிறது. அவர் பார்ப்பது காமிராவை அன்று. தம் அறைக்குள் திடீரெனப் புகுந்த அயல் ஒளியை.